இஞ்சின் நின்றால் யாரைக் குறை சொல்வது?



குடும்பப் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் இஞ்சினுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். வன்னியில் குடியிருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். முள்ளியவளையிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் உள்ளே பிரிந்து போகும் கிறவல் வீதிகளைப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், கடைக்குச் சாமான் எடுப்பதும் எல்லாம் அந்த இரண்டு சில்லின் மேல்தான். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. என் கணவர் புடவைக் கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும்.

எங்களிடம் இருப்பது எம்.டி. 90. இந்தப் பெயரை வடக்கில் சிறு பிள்ளையும் சொல்லும். வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஹொண்டா கம்பனி 1958இல் வெளியிட்ட 'சுப்பர் கப்' என்ற சின்ன வண்டியின் வழியில், ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது இது. அங்கே சிவப்புப் பூச்சோடு கடிதம் சுமந்து, பழசானபின் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. இடது கையில் கிளச் பிடி கிடையாது. காலால் கியர் மாற்றினால் போதும். பாரம் சுமக்க இரும்புத் தட்டு, சேறு தெறிக்காமல் முன்னால் மறைப்பு, நாலு ஸ்ட்ரோக் இஞ்சின். மாரி காலத்துச் சேற்றிலும் கோடைச் செம்மண் புழுதியிலும் வன்னியில் ஓடித் தேய்ந்த வண்டி என்றால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் வருவது அருமையாகிவிட்டது. அங்கிருந்தவர்கள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் அந்த வித்தை. வன்னியில் 2002இல் யுத்தநிறுத்தம் வரும்வரை அப்படித்தான். நாங்கள் அதைக் கண்ணால் காணவில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் நீராவிப்பிட்டியிலிருந்து எங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். புத்தளத்தில் முகாம் ஓரமாக வாப்பா ஒரு கொட்டில் போட்டு, முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள் என்று திருத்திப் பிழைத்தார். நான் விளக்குப் பிடிக்கும் பிள்ளை. விளக்குப் பிடிக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா? இஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த வெளிச்சத்தில் பார்த்ததுதான். யுத்தம் 2009இல் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி வந்தபோது வாப்பாவின் சாவிப் பெட்டி மட்டும் என்னோடு வந்தது.

சரி, பழைய வண்டியைத் திருத்துவானேன், புதிது வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் ஓடுகிற பழசின் விலையே கையைச் சுட்டது. ஆகவே 2023இல் என் கணவர் இஞ்சின் செத்துக் கிடந்த ஒரு எம்.டி. 90ஐ வாங்கி, வவுனியாவில் ஒரு கராச்சில் கொடுத்து முழுதாகச் செய்வித்தார். சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் புது றிங்ஸும் போட்டார்கள். வால்வு இரண்டும் புதிது. கூலியில் பன்னிரண்டாயிரம் ரூபா பாக்கி. ஓடிப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று பேச்சு.

வண்டி வந்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஊருக்குள் ஓடும்போது சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும். முதல் மூன்று கிழமையும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏழெட்டுக் கிலோமீற்றர் போனதும் இழுவை குறைந்து, மூச்சுத் திணறி, நின்றுவிடத் தொடங்கியது. பதினைந்து நிமிஷம் மரநிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கிளம்பும். ஒரு நாள் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து திரும்பும்போது மஃரிபுக்குச் சற்று முன்னால், யானை கடக்கிற இடத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் ஓதிய ஓதல் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கணவரின் தம்பி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மதினி, அவன் நம்மள நல்லா ஏமாத்திட்டான். பழைய பிஸ்டனக் கழுவிப் போட்டிருக்கான். பாக்கிக் காசு ஒரு சதம் குடுக்க வேணாம்."

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. ஒரு பக்கம் வேலை செய்தவனின் கூலி. வியர்வை காயுமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம். மறுபக்கம் நம் ஹலாலான காசு. அதை ஏமாற்றுக்காரனுக்கு அள்ளிக் கொடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊகத்தைப் பற்றி அல்ஹுஜுராத் சூராவில் உள்ள எச்சரிக்கையை நாம் எல்லோரும் ஓதுகிறோம். இஞ்சின் விஷயத்தில் ஊகத்தைத் துரத்த ஒரே வழி, சோதித்துப் பார்ப்பதுதான். "காசு கொடுப்பதா இல்லையா என்று பிறகு பேசலாம், முதலில் என்ன நோய் என்று பார்ப்போம்" என்று நான் சொன்னேன்.

வாப்பா சொல்லுவார், இஞ்சின் ஓட மூன்று சாமான் வேண்டும்: காற்றுக் கலந்த பெற்றோல், தக்க நேரத்தில் நெருப்பு, நெருக்கம். பிஸ்டன் மேலே வந்து கலவையை அமுக்குவதைத்தான் நெருக்கம் என்பார். கராச்சில் 'கம்பிரஷன்' என்பார்கள். இடியப்பம் அவிக்கிற பானையில் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி பக்கத்தால் போய்விடும், இடியப்பம் அவியாது அல்லவா? நெருக்கம் இல்லாத இஞ்சினும் அப்படித்தான்.

சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டிக்கு இந்த மூன்றிலும் ஆளுக்கொரு காரணம் உண்டு. பெற்றோல் தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும். செம்மண் புழுதி அதை அடைத்தால், பெற்றோல் இறங்க இறங்க உள்ளே காற்றில்லாமல் போய் பெற்றோல் வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் எப்படியோ காற்றுக் கசிந்து மறுபடி வரும். நெருப்புப் பக்கத்தில் பார்த்தால், பழைய இக்னிஷன் கொயில் சூடானதும் உள்ளே கம்பி விட்டுப்போய் நெருப்பு நின்றுவிடும். ஆறினால் மறுபடி கூடும். மூன்றாவது வால்வு. சூட்டில் வால்வுத் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் விட்டிராவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. மூடி திறந்த பானைதான். ஆறினால் தண்டு சுருங்கி மூடிக்கொள்ளும்.

கவனித்தீர்களா? மூன்று நோய்க்கும் ஒரே குணம்; மூன்றும் பதினைந்து நிமிஷ ஓய்வில் தானாகச் சுகமாகும். அதனால்தான் வண்டியை ஆறவிட்டு, தள்ளிக்கொண்டு கராச்சுக்குப் போனால் அங்கே ஒரே உதையில் கிளம்பி நம்மைப் பொய்யாக்கிவிடும். பிறகு கராச்காரர் பாவம், கொயிலை மாற்று, காபரேற்றரை மாற்று என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுவார். நம் காசு கரையும். இந்த நோயை நின்ற இடத்தில், நின்ற நிமிஷத்தில் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு, வெயில் நன்றாக இருக்கும்போதே, நானும் கணவரும் போனோம். கையில் பிளக் சாவி, ஒரு நல்ல பிளக், துணித்துண்டு, தண்ணீர்ப் போத்தல். ஒட்டுசுட்டான் வீதியில் எதிர்பார்த்த இடத்திலேயே நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நிற்காவிட்டால் வந்தது வீண் அல்லவா!

இருக்கையைத் தூக்கித் தாங்கி மூடியைத் திறந்தோம். 'உஸ்' என்று காற்று இழுக்கவில்லை. திறந்தபடியே உதைத்தார், கிளம்பவில்லை. மூடியில் குற்றமில்லை. மூடியை இறுக்கிவிட்டு, பிளக் வயரைக் கழற்றிக் கொண்டுவந்த பிளக்கில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இஞ்சின் உடம்பில் படும்படி வைத்து உதைக்கச் சொன்னேன். பளிச்சென்று நீல நெருப்பு. கொயிலும் தப்பியது. (இதைச் செய்யும்போது இஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றக் கூடாது. அந்தத் துவாரத்தால் பெற்றோல் ஆவி வரும்; பக்கத்தில் நெருப்புப் பொறி ஆபத்து. பெற்றோல் சிந்தியிருந்தாலும் இந்தச் சோதனை வேண்டாம். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காமல் ரப்பர் மூடியில் பிடிக்க வேண்டும்.)

பிறகு வயரை மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்ய அல்ல, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொன்னேன். காலையில் ஓரிடத்தில் நின்று எதிர்த்துத் தள்ளிய கிக்கர், இப்போது வெண்ணெயில் கத்தி போனதுபோல இறங்கியது. நெருக்கமே இல்லை. இருபது நிமிஷம் காத்திருந்து மறுபடி அழுத்தினார். எதிர்ப்புத் திரும்பி வந்துவிட்டது.

தம்பியின் தீர்ப்பு இங்கேயே விழுந்துவிட்டது. தேய்ந்த பிஸ்டனோ றிங்ஸோ என்றால் காலைக் குளிரிலும் நெருக்கம் குறைவாக இருக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஒயில் குறையும். எங்கள் வண்டியில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. சரி, புதுப் பிஸ்டன் சூட்டில் பருத்துச் சிலிண்டரில் இறுகுகிறதோ என்றால், அப்போது கிக்கர் கல்லாக இருக்க வேண்டும், இலேசாக அல்ல. மிஞ்சியது வால்வு.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கராச்சுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி நெருக்கம் பார்ப்பார்கள். ஒயில் விட்டதும் கூடினால் றிங்ஸ் குற்றம், கூடாவிட்டால் வால்வுக் குற்றம். நல்ல சோதனைதான். ஆனால் எம்.டி. 90இல் சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதில்லை, ஏறக்குறையப் படுத்திருக்கிறது. ஒயில் கீழ்ப்பக்கம் தேங்கிவிடும், சுற்றிவரப் பரவாது. அதனால் இந்த வண்டியில் அதை முழுதாக நம்ப நான் தயாரில்லை.

பக்கத்து வளவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தமிழ்ச் சகோதரர். தடைக்காலம் முழுவதும் இங்கேயே இருந்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளைத் திருத்தியவர். மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும், அடியில் உள்ள ஒயிலோடும் கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். அதனால் அந்த நாளில் ஒயில் குச்சியை மோந்து பார்க்காமல் ஒரு இஞ்சினையும் தொட்டதில்லை என்பார். இன்றைக்கும் அவருக்கு முதலில் மூக்குத்தான் வேலை செய்யும். எங்கள் வண்டியையும் மோந்து பார்த்துவிட்டு, "ஒயில் நல்லாயிருக்கு" என்றார். பிறகு நான் நடந்ததைச் சொன்னதும் கேட்டார்: "பிள்ளை, சூடாகேக்க வால்வு நீளும். நீளுறதுக்கு இடம் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?"

"இனித்தான் பாக்கப் போறம் அண்ணை. இஞ்சின் ஆறட்டும்" என்றேன்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு, இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது பார்த்தோம். இதைச் சூட்டில் பார்க்கவே கூடாது. சக்கரத்தில் உள்ள 'ரி' என்ற குறியை நேராகக் கொண்டுவந்து, இரண்டு டப்பெட்டும் தளர்ந்திருக்கும் நிலையில் வைத்து, பீலர் கேஜின் தகட்டை இடையில் நுழைக்க வேண்டும். ஹொண்டாவின் இந்தக் குடும்பத்து இஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீற்றர் இடைவெளி. எவ்வளவு மெல்லிய இடம் பாருங்கள்! உள்ளிழுக்கும் வால்வில் தகடு இறுக்கிக்கொண்டு நுழைந்தது. புகை போகும் வால்வில் நுழையவே இல்லை. அதிகம் சூடாகிறதும் அந்த வால்வுதானே.

அப்படியானால் கராச்சில் இடைவெளி வைக்காமல் விட்டுவிட்டார்களா? தம்பி உடனே அப்படித்தான் சொன்னார். பெரியவர் தலையாட்டி மறுத்தார். புது வால்வைப் புதிதாகத் தேய்த்த இருக்கையில் வைத்தால், முதல் சில நூறு கிலோமீற்றரில் இரண்டும் ஒன்றோடொன்று அமர்ந்து படியும். அப்போது வால்வு மயிரிழை உள்வாங்கும். தண்டின் மறுமுனை அதே அளவு டப்பெட் பக்கம் நெருங்கிவிடும். கட்டும்போது சரியாக வைத்த இடைவெளி ஓட ஓட மறைந்துவிடும். இது செய்தவனின் குற்றமல்ல, புது இஞ்சினின் சுபாவம். அதனால்தான் திருத்திய இஞ்சினைச் சில நூறு கிலோமீற்றரில் மறுபடி திறந்து பார்ப்பது. எங்கள் வண்டி முதல் மூன்று கிழமை குறையில்லாமல் ஓடியதற்கும் இதுதான் விளக்கம்.

பிறகு என் கணவர் கராச் பில்லைத் தேடி எடுத்தார். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 500 கி.மீ. – டப்பெட், ஒயில். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

டப்பெட் ஆணியைத் தளர்த்தி இடைவெளி வைத்து இறுக்கக் கால் மணி நேரம் ஆனது. பெரியவர் கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் கேட்டார், கொடுத்தோம். பாக்கிப் பன்னிரண்டாயிரத்தையும் அடுத்த சந்தைக்கு முன்பே என் கணவர் வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தம்பியையும் கூட அனுப்பினேன்.

இதை ஒரு கிழமை இழுத்தடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கொடுத்துத்தான் ஆறுகிறது. இருக்கையில் உட்காராத வால்வு விளிம்பு கருகிப்போகும். அப்புறம் இடைவெளி வைத்தும் பலனில்லை. மறுபடி கழற்றிப் புது வால்வுதான்.

பிளக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது இஞ்சினின் நாக்கு; வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல நாமும் அதைக் கழற்றிப் பார்க்கலாம். இளம் பிஸ்கட் நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல், அல்லது காற்று வடி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஒயில் மேலே வருகிறது. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் காற்றுக் கூடுதல். எங்கள் வண்டியில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளுத்தது. இஞ்சின் ஓடும்போது காபரேற்றர் பொருந்தும் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். தெளித்த உடனே சத்தம் மாறியது. மூட்டுக்கு உள்ளே இருந்த பழைய ரப்பர் வளையம்தான் குற்றவாளி. ஒரு தேநீரின் விலைகூட இல்லை.

போத்தல் பெற்றோலை நான் இப்போது வாங்க விடுவதில்லை. 2022 ஜூனில் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூ.ஆர். அட்டையில் கிழமைக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிளுக்கு அளந்து தந்த காலத்தில், எல்லோரும் போத்தலில் சேர்த்துவைத்தோம். வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. நாள்பட்ட பெற்றோல் பிசின்போல் ஆகிக் காபரேற்றரின் ஊசித் துவாரத்தை அடைக்கும். அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கண்டுபிடிக்க, ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு நிழலில் வையுங்கள். பெற்றோல் சீக்கிரம் பறந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நெடுநேரம் நிற்கும்.

எங்கள் வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பழைய பால்மா டின்னில் பிளக் சாவி, ஒரு பிளக், துணித்துண்டு, பீலர் கேஜ் நான்கும் இருக்கின்றன. டப்பெட் பார்த்த தேதியும் அன்றைய கிலோமீற்றரும் டின் மூடியின் உட்பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசியாக எழுதியது போன ரமழானுக்கு முந்திய கிழமை.